கிட்டங்கியில் ஒரு போயா நாள்

காற்றடிக்கிற தோணி.
சூரிச்சிலிருந்து மைத்துனன் கொண்டுவந்து
இரண்டு கிழமை நின்று, ஒருநாளும் நனைக்காமல்
எங்கள் அலுமாரிக்கு மேலே விட்டுப்போனது.
"நீங்களாவது போங்க அத்தான்" என்றான்,
வேன் கதவைச் சாத்தும்போது.

இன்று போயா. டிப்போவில் எனக்கு லீவு.
சேனைக்குடியிருப்புக் கரையில் நின்று
காலால் பம்பை மிதித்தேன்,
முந்நூற்றுப் பதினொரு மிதி.
எண்ணாமல் ஒரு வேலையும் எனக்கு வராது.
பதினெட்டு வருசமாகக் கல்முனையில்
பஸ் வந்த நேரம், பஸ் போன நேரம்
எழுதுகிறவன்.

வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"எங்க போறயள்?"
"சும்மா."
"நாவிதன்வெளிக்கா?"
"இல்ல, சும்மா."
"அப்ப மீனுக்கா?"
சுகந்தமலர் மகளின் விளையாட்டுப்போட்டித் தொப்பியை
முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.
அவருக்குப் பிடிபடவில்லை.
ஆறு ஒன்றும் கேட்கவில்லை,
கால் வைத்ததும் ஏந்திக்கொண்டது.

அணியத்தில் அவள், கடையாலில் நான்.
முதல் அரை மணித்தியாலம்
ஒரே இடத்தில் கிறுகிக்கொண்டு நின்றோம்.
என்னைப் பார்த்து அவள் இருந்ததில்
அவள் வலது என் இடது.
இந்த லட்சணத்தில் இவ்வளவு காலம்
எப்படிக் குடும்பம் நடத்தினோமோ.
மறுகா அவள் திரும்பி இருந்தாள். தோணி நேரானது.

அவள் முதுகை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.
பிடரிக்குக் கீழே ஒரு மச்சம்.
அதற்கும் கீழே
புதுச் சட்டையின் விலைச்சீட்டு, வெட்ட மறந்தது.
சொல்லவில்லை.

கம்பொன்றில் நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது,
எடுக்க யாரும் வராத உடுப்பைப் போல.
ஆறு ஓடுகிறதா என்று பார்க்க
ஒரு கிண்ணைப் பூவைப் போட்டேன்.
பூ பக்கத்திலேயே நின்றது.
அது நிற்கிறதா, நாங்களும் சேர்ந்து போகிறோமா
தெரியாமல்
கொஞ்ச நேரம் மூன்று பேராக இருந்தோம்.

"முதலை" என்றாள். அது கட்டை.
அடுத்ததை நான் "கட்டை" என்றேன்.
அது கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்தது.
அதன் பிறகு கால் மணித்தியாலம்
மிகுந்த ஒற்றுமையோடு வலித்தோம்.

வலித்துப் போய் ஆற்றுவாழைக்குள் சிக்கினோம்.
துடுப்பு வைத்தால் வேர் வருகிறது, தண்ணீர் வரவில்லை.
பக்கமெல்லாம் ஊதாப் பூ.
கூப்பிட்டால் கரைக்குக் கேட்கும்.
கூப்பிடவில்லை. பார்சலை அவிழ்த்தோம்.
பிட்டு, திரளிப் பொரியல், மாங்காய்ச் சம்பல்.
முள்ளை எறிந்த இடத்தில்
தண்ணீர் ஒருதரம் வாயைத் திறந்து மூடியது.
அவள் காலை நீட்டி நித்திரையானாள்.
எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்.

அவள் எழும்பி, இலை இலையாய் விலக்கி
நாங்கள் வெளியில் வரும்போது
தாம்போதியில் ஒரு பஸ்.
பார்க்காமலே தெரியும், இரண்டாம் கியரில் இருமல்,
ஜவாஹிரின் பஸ்.
மூன்றே முக்காலுக்குப் போயிருக்க வேணும்.
கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.
திரும்பாமலே சொன்னாள்:
"எழுதாதிங்க."

மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் என்னை மட்டுக்கட்டி
கையைக் குவித்துக் கத்தினான்:
"டைம்கீப்பர்! எங்க போறீங்க?"
நான் வாய் திறக்க முந்தி
"சும்ம்மா!" என்றாள் சுகந்தமலர்.
கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயின.
பஸ்ஸும் போனது. பிந்தியே போனது.

கரையில் வால்வைத் திறந்தேன்.
காலையில் மிதித்த அத்தனையும்
சீராக, அவசரமில்லாமல் வெளியே வந்தது.
மிச்சக் காற்றை அமுக்க வேணும் என்று
அவள் அதன் மேல் குப்புறப் படுத்தாள்.
பக்கத்தில் இடமிருந்தது, நானும் படுத்தேன்.
வலைக்காரர் பார்த்துவிட்டு
அந்தப் பக்கம் கிறுகிக்கொண்டார்.

கீழே மெல்ல மெல்ல மண் வந்தது.
விலைச்சீட்டு என் மூக்கில் உரசியது.
அப்போதும் சொல்லவில்லை.